மழைக்கு முன் ஒரு ஊசி: ஃப்ளூ தடுப்பூசி யாருக்கு, எப்போது, எப்படி

ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டால் அந்த வருஷம் காய்ச்சலே வராதா? வரும். சளி பிடிக்கும், தொண்டை கட்டும், கொசு கடித்தால் டெங்குவும் வரும். அப்புறம் எதற்கு இவ்வளவு செலவழித்துப் போட வேண்டும் என்று கேட்டால், எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. சர்க்கரையும் இதயக் கோளாறும் உள்ள எழுபது வயது அம்மாவுக்கு ஒரு பதில். தினமும் ஜிம்முக்குப் போய்வரும் இருபத்தைந்து வயது மகனுக்கு வேறு பதில். இந்த அத்தியாயத்தில் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப்போகிறோம். உங்கள் வீட்டுக்கு ஒரு வரிசை போட்டுக்கொண்டு, சரியான மாதத்தில், கெடாத மருந்தாகப் பார்த்துப் போட்டுக்கொள்வது வரை படிப்படியாகப் போவோம்.

எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

நாம் ‘ஃப்ளூ காய்ச்சல்’ என்று சொல்வதில் பல காய்ச்சல்கள் கலந்திருக்கின்றன. மூக்கொழுகி இரண்டு நாளில் போகும் சளிக்காய்ச்சலுக்குப் பெரும்பாலும் வேறு வைரஸ்கள் காரணம். குழந்தைகளுக்கு நெஞ்சுச்சளி கட்டி வீசிங் வருவதற்கு ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் அடிக்கடி காரணமாகிறது. மழைக்கால டைஃபாய்டு, எலிக்காய்ச்சல், டெங்கு எல்லாம் தனிக் கூட்டம். ஃப்ளூ ஊசி இவற்றில் எதையும் தொடாது. இன்ஃப்ளுயன்சா என்ற ஒரு குடும்பத்தை மட்டுமே அது குறிவைக்கிறது: ஏ வகையில் எச்1என்1, எச்3என்2 என்ற இரண்டு, பி வகையில் ஒன்று.

2009இல் பன்றிக்காய்ச்சல் என்ற பெயரில் உலகையே கலக்கிய எச்1என்1, இப்போது வருஷாவருஷம் வந்துபோகும் ஃப்ளூ வைரஸ்களில் ஒன்றாகிவிட்டது. ஆகவே ‘பன்றிக்காய்ச்சல் ஊசி’ என்று தனியாக எதையும் தேடி அலைய வேண்டாம், அதுவும் இதற்குள்ளேயே இருக்கிறது.

வருஷாவருஷம் ஏன் போட வேண்டும்? இரண்டு காரணங்கள். வைரஸ் தன் மேல்தோற்றத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஊசியால் வந்த எதிர்ப்புச் சக்தியும் ஆறேழு மாதத்தில் கணிசமாக இறங்கிவிடுகிறது. அதனால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடி, அடுத்த பருவத்துக்கான ஊசியில் எந்த வைரஸ்கள் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. இந்த இரண்டு பட்டியல் விவகாரம் ஊசி வாங்கும்போது உங்களுக்கு நேரடியாக உதவப்போகிறது. கோட்பாடு இதற்குமேல் வேண்டாம்.

பலன் எவ்வளவு: மூன்று கணக்கு

*முதல் கணக்கு.* ஊசியில் உள்ள வைரஸும் ஊரில் சுற்றும் வைரஸும் ஒத்துப்போகும் வருஷங்களில், ஃப்ளூ வந்து டாக்டரிடம் ஓடவேண்டிய வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் குறைகிறது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. ஒத்துப்போகாத வருஷங்களும் உண்டு. 2014–15இல் எச்3என்2 வைரஸ் ஊசியைத் தாண்டி மாறிவிட்டது. அந்த வருஷம் அங்கே பலன் 19 சதவீதம்தான்.

*இரண்டாவது கணக்கு.* மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்டது. ஆரோக்கியமான பெரியவர்களில் ஒரு பருவத்தில் ஊசி போடாதவர்களில் 2.3 சதவீதம் பேருக்கு ஃப்ளூ வந்தது, போட்டவர்களில் 0.9 சதவீதம் பேருக்கு. அதாவது 71 பேருக்குப் போட்டால் ஒருவருக்கு ஃப்ளூ தவிர்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களில் 6 சதவீதம் 2.4 ஆகக் குறைந்தது. 30 பேருக்குப் போட்டால் ஒருவர் தப்புகிறார். முதியவர்கள் பற்றிய ஆய்வுகள் அவ்வளவு வலுவானவை அல்ல என்பதையும் அதே தொகுப்பு சொல்லிவிடுகிறது.

71 என்ற எண்ணைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று தோன்றினால் அது நியாயம்தான். உடம்பில் எந்தக் கோளாறும் இல்லாத இளைஞர், கையில் காசு இழுபறி என்றால், போடாமல் விட்டாலும் குடிமுழுகிவிடாது. விளம்பரப் பலகைகள் இதைச் சொல்லாது என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

*மூன்றாவது கணக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.* மாரடைப்பு வந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஒரு பாதிக்கு ஃப்ளூ ஊசியும் மறுபாதிக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டுப் பார்த்த பன்னாட்டு ஆய்வு 2021இல் வெளியானது. ஓராண்டு முடிவில் உப்புநீர் போட்டவர்களில் 4.9 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், ஃப்ளூ ஊசி போட்டவர்களில் 2.9 சதவீதம். ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு இருக்கும் என்று 2018இல் வந்த கனடா ஆய்வும் இதோடு பொருந்துகிறது. இதயக் கோளாறு உள்ளவருக்கு ஃப்ளூ வெறும் நெஞ்சுச்சளியோடு முடிவதில்லை.

படி 1: வீட்டு வரிசை போடுங்கள்

ஒரு தாளை எடுத்து வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் எழுதுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் முதலில் என்று இதற்குப் போகாதீர்கள். பணம் ஒன்றிரண்டு ஊசிக்குத்தான் இருக்கிறது என்றால் கீழிருக்கும் வரிசையில் மேலே இருப்பவருக்கே அது போக வேண்டும்.

1. ஸ்டென்ட், பைபாஸ், மாரடைப்பு கண்டவர்கள். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், சர்க்கரை, சிறுநீரகம், ஈரல் கோளாறு உள்ளவர்கள். கீமோ, ஸ்டீராய்டு, உறுப்பு மாற்று மருந்து எடுப்பவர்கள். வயது எதுவானாலும் இவர்கள் முதலில். கீமோ நடப்பவர்கள் எந்தச் சுற்றுக்கும் எந்தச் சுற்றுக்கும் இடையில் போடலாம் என்பதைத் தங்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே போட வேண்டும்.
2. கர்ப்பிணி. எந்த மாதத்திலும் போடலாம். இங்கே ஒரு ஊசி இரண்டு பேருக்கு வேலை செய்கிறது. பிறந்த குழந்தைக்கு 6 மாதம் வரை ஃப்ளூ ஊசி போட முடியாது, தாயிடமிருந்து வரும் எதிர்ப்புச் சக்திதான் அதற்குத் துணை. வங்கதேசத்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தில் ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதத்தில் ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது. நம்மைப் போன்ற வெயிலும் மழையும் நெரிசலும் உள்ள ஊர் என்பதால் இந்த ஆய்வை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.
3. 65 வயதைத் தாண்டியவர்கள்.
4. 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் இவர்களுக்கு ஆண்டுதோறும் பரிந்துரைக்கிறது.
5. கைக்குழந்தையையோ படுத்த படுக்கையான பெரியவரையோ பார்த்துக்கொள்பவர்கள், மருத்துவமனை ஊழியர்கள். பேரனைப் பார்க்க மூன்று மாதம் வந்து தங்கப்போகும் பாட்டியும் இதில் சேர்த்தி.
6. மற்ற எல்லோரும். பணமிருந்தால், அடிக்கடி லீவு போட முடியாத வேலையில் இருந்தால் போட்டுக்கொள்ளலாம்.

தவறு வேண்டாம்: கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் டெட்டனஸ் ஊசி வேறு, இது வேறு. ‘ஊசியெல்லாம் போட்டாச்சு’ என்று மாமியார் சொன்னால் எந்த ஊசி என்று தாய்–சேய் நல அட்டையைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

யார் நிறுத்தி யோசிக்க வேண்டும்

முன்பு ஃப்ளூ ஊசி போட்டபோது மூச்சுத்திணறல், முகவீக்கம் போன்ற கடும் ஒவ்வாமை வந்தவர்கள் மறுபடி போடக்கூடாது. ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லன் பாரே என்ற, நரம்புகளைத் தாக்கும் நோய் வந்திருந்தால் டாக்டரிடம் பேசாமல் போடாதீர்கள். 1976இல் அமெரிக்காவில் போட்ட ஒரு பன்றிக்காய்ச்சல் ஊசியால் ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்நோய் கூடுதலாக வந்தது, பயத்தின் வேர் அங்கே இருக்கிறது. இன்றைய ஊசிகளில் அப்படி ஏதும் இருந்தாலும் பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டு என்ற அளவுதான். ஃப்ளூ நோயே இதைக் கிளப்பிவிடுவதும் உண்டு.

முட்டை ஒவ்வாமை இருப்பதாலேயே தள்ளிப்போட வேண்டிய காலம் போய்விட்டது. ஆனாலும் நர்ஸிடம் சொல்லிவிட்டு, மருத்துவ வசதி உள்ள இடத்தில் போடுங்கள். லேசான ஜலதோஷத்தோடு போடலாம். காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தால் இறங்கட்டும்.

படி 2: மாதத்தைக் குறியுங்கள்

இந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் மடக்கி வைப்பீர்களானால் இந்தப் பக்கத்தை மடக்குங்கள். இணையத்தில் தேடினால் ‘அக்டோபரில் போடு, குளிர்காலம் வருகிறது’ என்று வரும். அது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சொன்னது. இந்தியாவின் பெரும்பகுதியில் ஃப்ளூ மழையோடு வருகிறது. டெல்லி, புனே போன்ற இடங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னை, வேலூர் பக்கம் நமக்கு மழை தரும் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பரில். ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு சிறு அலை வந்துபோகும் ஆண்டுகளும் உண்டு.

ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி எழும்ப இரண்டு வாரம் பிடிக்கும். அப்படியானால்:

1. தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களுக்கு செப்டம்பர் முதல் பாதி நல்ல காலம். ஆயுத பூஜைக்குக் கடை சுத்தம் செய்யும்போது நினைவுக்கு வந்தால் சற்றுத் தாமதம், ஆனாலும் போடலாம்.
2. தென்மேற்குப் பருவமழையை அதிகம் வாங்கும் கன்னியாகுமரி, நீலகிரி, வால்பாறை பக்கம் இருப்பவர்கள் மே மாத இறுதியில் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது பொருத்தம்.
3. முதல்முறை போடும் 9 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும். ஆகவே ஆகஸ்ட் மாதமே தொடங்குங்கள். அடுத்த வருஷம் முதல் ஒரு டோஸ் போதும்.
4. கர்ப்பிணிகள் மாதம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அடுத்த செக்கப்பிலேயே கேளுங்கள்.
5. ஹஜ், உம்ரா, வெளிநாட்டுப் பயணம் என்றால் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

தவறு வேண்டாம்: குழந்தையின் இரண்டாவது டோஸை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. முதல் ஊசிக்குக் குழந்தை அழுத அழுகையை நினைத்து, ‘ஒன்று போட்டாச்சே’ என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். இதுவரை ஃப்ளூவைச் சந்திக்காத உடம்புக்கு முதல் ஊசி அறிமுகம் மட்டும்தான், பாதுகாப்பு இரண்டாவதில்தான் வலுப்பெறுகிறது.

படி 3: ஊசியை வாங்குவது

ஃப்ளூ ஊசி இந்திய அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. அதனால் பெரும்பாலோர் தனியாரிடம்தான் போட வேண்டியிருக்கிறது. இருந்தாலும் கர்ப்பிணியாக இருந்தால் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ அரசு மருத்துவமனையிலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு பணம் செலவழியுங்கள்.

தனியாரில் ஓர் ஊசி பொதுவாக ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டித் தொடங்கி இரண்டாயிரத்துக்கு மேலும் போகும். போடும் கட்டணம் தனி. போனில் கேட்கும்போதே இந்த மூன்றையும் கேளுங்கள்: எம்.ஆர்.பி. எவ்வளவு, போடக் கட்டணம் எவ்வளவு, எந்தப் பருவத்து ஊசி.

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. அட்டைப்பெட்டியில் ஆண்டும், ‘சதர்ன் ஹெமிஸ்பியர்’ அல்லது ‘நார்தர்ன் ஹெமிஸ்பியர்’ என்ற சொல்லும் அச்சிட்டிருக்கும். முன்னது தென் அரைக்கோளப் பட்டியல், ஒரே ஆண்டு எண்ணோடு வரும். பின்னது வட அரைக்கோளப் பட்டியல், இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். எதைக் கேட்பது என்று குழம்ப வேண்டாம். போடும் நாளில் கிடைப்பதில் புதியது எதுவோ அது. செப்டம்பரில் கேட்கும்போது வட அரைக்கோள ஊசி இன்னும் வந்துசேரவில்லை, அந்த ஆண்டின் தென் அரைக்கோள ஊசிதான் இருக்கிறது என்றால் அதையே போட்டுக்கொள்ளுங்கள். புதிய சரக்குக்காகக் காத்திருந்து தீபாவளி மழையில் காய்ச்சலை வாங்கிக்கொள்வதில் லாபமில்லை.

தவறு வேண்டாம்: காலாவதித் தேதியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். போன பருவத்து ஊசிக்குக்கூடத் தேதி மிச்சமிருக்கலாம். மருந்து கெட்டிருக்காது, ஆனால் பட்டியல் பழையது.

மூன்று வைரஸ் ஊசியா, நான்கு வைரஸ் ஊசியா என்றும் கேட்பார்கள். நான்காவதாக இருந்த பி வகையின் யமகாட்டா கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. உலக சுகாதார நிறுவனமே அதை இனிச் சேர்க்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே ‘நான்கு’ என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

மூக்கில் தெளிக்கும் வகையைப் பற்றி யாராவது சொன்னால்: அது உயிருள்ள, பலவீனமாக்கிய வைரஸ். கர்ப்பிணிக்கும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் ஆகாது. இந்த அத்தியாயம் முழுவதும் நாம் பேசுவது கையில் போடும் செயலிழந்த வைரஸ் ஊசியை.

குளிர் கெடாமல்

இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் வீணாகும், உறைந்தாலும் வீணாகும். உறைந்த ஊசியைப் பிறகு உருக வைத்தாலும் பயனில்லை. பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது என்பதுதான் தொல்லை.

1. முடிந்தால் மருந்தை நீங்கள் வாங்கிச் சுமக்காதீர்கள். வைத்திருக்கும் கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.
2. மருந்துக்கடையில் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், டாக்டர் கிளினிக்கில் இருக்கிறார் என்று உறுதி செய்த பிறகு வாங்குங்கள்.
3. ஐஸ் பேக் போட்ட பெட்டியில் தரச் சொல்லுங்கள். ஊசிப்பெட்டி ஐஸ் மேல் நேராக ஒட்டாமல் நடுவில் துணியோ அட்டையோ இருக்கட்டும்.
4. பைக் டேங்க் பையிலும் காரின் டேஷ்போர்டிலும் வைக்காதீர்கள். நேராகப் போங்கள், வழியில் காய்கறி வாங்க நிற்க வேண்டாம்.
5. ஏதோ காரணத்தால் வீட்டில் வைக்க நேர்ந்தால் பிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். கதவில் வேண்டாம், ஃப்ரீசரில் கூடவே கூடாது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் அலுவலகங்களிலும் நடக்கும் முகாம்களில் விலை குறைவாகக் கிடைக்கும். போட்டுக்கொள்ளலாம், ஆனால் முதலில் மேசையைப் பாருங்கள். குளிர்ப்பெட்டி மூடியிருக்கிறதா? ஊசிகளை மொத்தமாக வெளியே அடுக்கி வைத்திருக்கிறார்களா? டாக்டர் ஒருவர் இருக்கிறாரா? ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மலிவு அவ்வளவு அவசரமில்லை.

படி 4: போடும் நாள்

1. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு போய் மயங்கி விழுந்துவிட்டு ‘ஊசி ஒத்துக்கொள்ளவில்லை’ என்பவர்கள் உண்டு.
2. தோள் வரை எளிதாகத் தூக்கக்கூடிய கை வைத்த சட்டை, ரவிக்கை அணியுங்கள். கழுத்தோரம் இழுத்துவிட்டுப் போட்டால் ஊசி மேலே மூட்டுக்குள் இறங்கிவிடலாம், பிறகு வாரக்கணக்கில் தோள்வலி. தோள் எலும்புக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே உள்ள சதைதான் இடம். கைக்குழந்தைக்குத் தொடையின் முன்பக்கம்.
3. எழுதும் கையைத் தவிர்த்து மறுகையைக் கொடுங்கள். மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நெறிகட்டி எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையைத் தவிர்த்துவிடுங்கள்.
4. உங்கள் நோய்களையும் மாத்திரைகளையும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் நர்ஸிடம் முன்கூட்டியே சொன்னால் மெல்லிய ஊசியால் போட்டு, இரண்டு நிமிஷமாவது தேய்க்காமல் அழுத்திப் பிடிக்கச் சொல்வார். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
5. பெட்டியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லி, பெயர், பருவம், தேதி மூன்றையும் படியுங்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
6. போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கடும் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் சில நிமிஷங்களில் தலைகாட்டிவிடும். பார்க்கிங் கட்டணத்துக்காக எழுந்து ஓடாதீர்கள்.

குறிப்பு: வயதானவருக்கு நிமோனியா தடுப்பூசியும் பாக்கி இருந்தால் ஒரே நாளில் இன்னொரு கையில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு நாள் அலைச்சல் மிச்சம்.

போட்ட பிறகு

கை வலிக்கும், இடம் சிவக்கும், சிலருக்கு உடம்புவலியும் லேசான சூடும் இருக்கும். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். தேவைப்பட்டால் பாரசிட்டமால் போதும். கையைக் கட்டிப்போட்டது போல வைத்திருக்காமல் வழக்கமான வேலை செய்யுங்கள். எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம், ஐஸ் ஒத்தடம் போதும். குளிக்கலாம், எதையும் சாப்பிடலாம். பத்தியம் என்று ஒன்றும் கிடையாது.

உதடு, கண் இமை வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுப்பு, தலைசுற்றல் சேர்ந்து வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108க்கு அழையுங்கள். இது மிக அரிது, பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் நடப்பது. ஆனால் நடந்தால் நிமிஷங்கள் முக்கியம்.

‘போன வருஷம் அப்பாவுக்குப் போட்டோம், மூணாம் நாளே காய்ச்சல் வந்துருச்சு, ஊசிதான் ஃப்ளூவைக் கொடுத்துச்சு’ என்று சொந்தக்காரர் ஒருவர் நிச்சயம் சொல்வார். ஊசியில் இருப்பது செத்த வைரஸின் துண்டுகள். அவற்றால் நோய் தர முடியாது. மூன்றாம் நாள் காய்ச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் ஏற்கெனவே உடம்பில் ஏறியிருந்த ஏதோ ஒரு வைரஸ், அல்லது ஊசி வேலை செய்ய ஆரம்பிப்பதற்கு முந்தைய இரண்டு வார இடைவெளியில் வந்தது. கிளினிக்கில் இருமுபவர்கள் நடுவே ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் போகும்போது மாஸ்க் போட்டுப் போவது நல்லது.

ஊசி போட்டவருக்கும் காய்ச்சல் வந்தால்

ஊசி போட்டதால் வரும் அலட்சியம், போடாமல் விடுவதைவிட ஆபத்தாக முடியலாம். மழைக்காலக் காய்ச்சலில் இந்த ஒழுங்கைப் பின்பற்றுங்கள்.

1. முதல் நாள்: காய்ச்சல் தொடங்கிய நேரத்தைக் குறியுங்கள். பாரசிட்டமால், நிறைய நீராகாரம், ஓய்வு. டெங்குவாக இருக்க வாய்ப்பு உள்ளவரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் ஊசிகளும் வேண்டாம். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கலாம், ஆனால் அதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள்.
2. வரிசையில் முதல் நான்கு இடத்தில் உள்ளவர்: காத்திருக்க வேண்டாம், அன்றே டாக்டரைப் பாருங்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை, காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதை டாக்டர் சீட்டில்லாமல் கேட்டு வாங்காதீர்கள்.
3. மற்றவர்கள்: இருமல், தொண்டைவலி, லேசான காய்ச்சல் என்றால் வீட்டிலேயே இருந்து பார்க்கலாம். இந்திய அரசின் எச்1என்1 வழிகாட்டுதலில் இவர்களை ‘ஏ’ பிரிவு என்று வைக்கிறார்கள். பரிசோதனையும் வேண்டாம், ஓசெல்டாமிவிரும் வேண்டாம். ஒன்றிரண்டு நாளில் மறுபடி பார்த்தால் போதும். அதிகக் காய்ச்சலும் கடும் தொண்டைவலியும் என்றால் ‘பி’ பிரிவு, மருந்து தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார்.
4. உடனே மருத்துவமனை: மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், உதடு நகம் நீலமாவது. குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடப்பதும் இதில் சேரும். வழிகாட்டுதலில் ‘சி’ பிரிவு இதுதான்.
5. இருமலே இல்லாத காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பில் புள்ளிகள் என்றால் டெங்குப் பரிசோதனையை டாக்டரிடம் கேளுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்களே கவனமாக இருக்க வேண்டிய நாட்கள். ‘ஜுரம் விட்டுடுச்சு’ என்று வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

ஆன்டிபயாடிக் ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது. பாதி மாத்திரை மிச்சம் வைத்திருக்கும் டப்பாவைத் தேடாதீர்கள்.

குறிப்பேடு

வீட்டில் ஒரு சின்ன நோட்டு போதும். ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, போட்ட தேதி, ஊசியின் பெயர், பேட்ச் எண், எந்தப் பருவத்துடையது, எந்தக் கை, பிறகு என்ன தொந்தரவு வந்தது என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டுக்கான தேதியை அப்போதே காலண்டரில் போடுங்கள். புது தினசரிக் காலண்டர் மாட்டும்போது செப்டம்பர் முதல் வாரத் தாளில் பேனாவால் ஒரு வட்டம் போட்டாலும் சரி. குழந்தையின் இரண்டாவது டோஸுக்கு மட்டும் போனில் அலாரம் வையுங்கள், நான்கு வாரம் காலண்டரில் மறந்துபோகும். தொந்தரவு எதுவும் பெரிதாக வந்திருந்தால் போட்ட கிளினிக்கில் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஊசியால் வந்ததா இல்லையா என்று அவர்கள் பார்ப்பார்கள்.